கார்ல்டன் தொகுதி: 2025 கனடா நாடாளுமன்றத் தேர்தல்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், தலைநகர் ஒட்டாவாவின் புறநகர்ப் பகுதிகளையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் கொண்டது கார்ல்டன் நாடாளுமன்றத் தொகுதி. 2025 ஏப்ரல் 28 அன்று நடந்த பொதுத் தேர்தலில் இங்கு எதிர்க்கட்சித் தலைவரும் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவருமான பியர் பொலியேவ் தோல்வியடைந்தார். தொடர்ந்து ஏழு தேர்தல்களில் வென்று ஏறத்தாழ 21 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர் அவர். அவரைத் தோற்கடித்த லிபரல் கட்சி வேட்பாளர் புரூஸ் ஃபான்ஜாய் அதற்கு முன் எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவர். இத்தொகுதியில் 91 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் அச்சிடப்பட்டது. கட்சித் தலைமை, உள்ளூர்ப் பிரதிநிதித்துவம், தேர்தல் முறை ஆகிய மூன்றைப் பற்றியும் கேள்வி எழுப்பிய தேர்தலாக இது நினைக்கப்படுகிறது.

தொகுதியின் அமைப்பு

கனடாவில் நாடாளுமன்றத் தொகுதியைப் பேச்சு வழக்கில் ‘ரைடிங்’ என்பார்கள். 2025 தேர்தலில் நாடு முழுவதும் 343 தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அதிக வாக்குப் பெறும் ஒருவர் வெற்றி பெறுகிறார்; பாதிக்கு மேல் வாக்குப் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் உள்ள முறையே இது.

ஒட்டாவா நகரைச் சுற்றி, கட்டடங்கள் பெருகாமல் காக்கப்படும் ‘பசுமை வளையம்’ ஒன்று உள்ளது. அதற்கு அப்பால் தொடங்குகின்றன கார்ல்டனின் ஊர்கள். ஸ்டிட்ஸ்வில், ரிவர்சைடு சவுத் போன்ற இடங்களில் புதிய குடியிருப்புகள் வேகமாக வளர்ந்து வருகின்றன. மனோட்டிக், ரிச்மண்ட், கிரீலி, கார்ப் போன்றவை பழைய கிராமங்கள். ரிடோ ஆற்றங்கரையில் உள்ள மனோட்டிக்கில் 1860இல் கட்டப்பட்ட கல் மாவு ஆலை இன்றும் நிற்கிறது. ரிச்மண்ட் 1818இல் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் படைவீரர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். இவற்றைச் சுற்றிச் சோளமும் சோயாவும் விளையும் வயல்களும் பால்பண்ணைகளும் பரந்து கிடக்கின்றன.

2001 சனவரி 1 வரை இந்தப் பகுதிகள் தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்தன. அன்று அவை ஒட்டாவா மாநகரத்துடன் இணைக்கப்பட்டன. அதனால் நிர்வாகக் கணக்கில் ஒரே நகரம்; வாழ்க்கை முறையில் இரண்டு உலகம். காலையில் பால் கறக்கும் விவசாயியும், வண்டியோட்டி மத்திய அரசு அலுவலகத்துக்குப் போகும் ஊழியரும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். அதிலும் ஒட்டாவா தலைநகர் என்பதால், மத்திய அரசுப் பணியை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு மிகுதி. 2025 முடிவை விளங்கிக்கொள்ள இந்தச் செய்தி முக்கியம்.

முந்தைய வரலாறு

கார்ல்டன் என்ற பெயரில் 1867இலேயே ஒரு தொகுதி இருந்தது. கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டு 1880களில் இதன் உறுப்பினராக இருந்தார். பழைமைவாதிகளின் கோட்டை என்ற பெயர் இத்தொகுதிக்கு நெடுங்காலமாகவே உண்டு.

அந்தக் கோட்டை இரு முறை தோற்ற தலைவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருக்கிறது. 1904 பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் தலைவர் ராபர்ட் போர்டன் தம் சொந்தத் தொகுதியான ஹாலிஃபாக்ஸில் தோற்றார். அப்போது கார்ல்டன் உறுப்பினராக இருந்த எட்வர்டு கிட் பதவி விலகி வழிவிட்டார். 1905 இடைத்தேர்தல் மூலம் போர்டன் மீண்டும் மக்களவைக்கு வந்தார். 1911இல் அவர் பிரதமரானார்.

1948இல் அதே கதை மறுபடி நடந்தது. ஒன்டாரியோ மாகாண முதல்வர் ஜார்ஜ் ட்ரூ அந்த ஆண்டு மாகாணத் தேர்தலில் கட்சியை வெற்றி பெறச் செய்தார். ஆனால் தாம் நின்ற டொராண்டோவின் ஹை பார்க் தொகுதியில் தோற்றார். பின்னர் தேசிய அளவில் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்காகக் கார்ல்டன் உறுப்பினர் விலகிக்கொள்ள, 1948 டிசம்பர் இடைத்தேர்தலில் ட்ரூ வென்றார்.

ஆயினும் இந்தத் தொகுதி எப்போதும் ஒரே பக்கம் நின்றதில்லை. 1963இல் லிபரல் கட்சியின் லாயிட் பிரான்சிஸ் இங்கு வென்றார். 1965இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரிச்சர்டு பெல் அதை மீட்டார். 1968 தேர்தலின்போது எல்லைச் சீரமைப்பில் கார்ல்டன் என்ற தனித்தொகுதி மறைந்தது. நெப்பியன்–கார்ல்டன் போன்ற இணைப்புப் பெயர்களில் மட்டும் அந்தப் பெயர் வாழ்ந்தது. 2015 தேர்தலில்தான் கார்ல்டன் மறுபடி தனித்தொகுதியானது.

பியர் பொலியேவின் எழுச்சி

1979இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் கால்கரியில் பிறந்த பொலியேவ், 2004இல் தம் 25ஆம் வயதில் நெப்பியன்–கார்ல்டன் தொகுதியில் போட்டியிட்டார். அப்போது அங்கு உறுப்பினராக இருந்த லிபரல் வேட்பாளர் டேவிட் பிராட் பாதுகாப்பு அமைச்சர். அமைச்சரை வீழ்த்திய இளைஞராக அவர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2006, 2008, 2011 தேர்தல்களிலும் அதே தொகுதியில் வென்றார். பின்னர் ஸ்டீபன் ஹார்ப்பர் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

2015இல் ஜஸ்டின் ட்ரூடோவின் அலை நாடெங்கும் வீசியது. புதிய கார்ல்டனில் நின்ற பொலியேவ் ஏறத்தாழ 2,000 வாக்குகள் வித்தியாசத்தில் மட்டுமே தப்பினார். இத்தொகுதி கைநழுவக்கூடியது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். ஆனால் 2019, 2021 தேர்தல்களில் வித்தியாசம் மீண்டும் கூடியது. 2021இல் அவர் ஏறத்தாழ 50 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். லிபரல் வேட்பாளர் 34 விழுக்காட்டை ஒட்டி நின்றார். 2022 செப்டம்பர் 10 அன்று முதல் சுற்றிலேயே 68 விழுக்காடு ஆதரவுடன் கன்சர்வேட்டிவ் தலைவரானார். உள்ளூர் உறுப்பினர் தேசியத் தலைவரானால் தொகுதி இன்னும் உறுதியாகும் என்பது பொதுவான கணக்கு. இங்கு அது பொய்த்தது.

2025இன் அரசியல் சூழல்

2024 முழுவதும் கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி வெகுதூரம் முன்னிலையில் இருந்தது. விலைவாசி, வீட்டு விலை, கார்பன் வரி ஆகியவற்றின் மீதான அதிருப்தி ட்ரூடோ அரசைத் தேய்த்திருந்தது. 2025 சனவரி 6 அன்று ட்ரூடோ பதவி விலகும் முடிவை அறிவித்தார்.

அதே வேளையில் அமெரிக்க அதிபர் டொனால்டு ட்ரம்ப் கனடாவின் பொருள்களுக்குச் சுங்கவரி விதிக்கத் தொடங்கினார்; கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக வேண்டும் என்றும் திரும்பத் திரும்பப் பேசினார். வாக்காளர்களின் கேள்வியே மாறிப்போனது. ‘லிபரல் ஆட்சி போதுமா?’ என்பது பின்னுக்குப் போய், ‘ட்ரம்பை யார் சமாளிப்பார்?’ என்பது முன்னுக்கு வந்தது.

கனடா மத்திய வங்கிக்கும் இங்கிலாந்து வங்கிக்கும் ஆளுநராக இருந்த மார்க் கார்னி மார்ச் 9 அன்று லிபரல் தலைவரானார். மார்ச் 14 அன்று பிரதமராகப் பொறுப்பேற்றார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். மார்ச் 23 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. கார்னி தேர்ந்துகொண்ட தொகுதி நெப்பியன். அது கார்ல்டனின் பக்கத்துத் தொகுதி. பிரதமர் பதவிக்கு மோதிய இருவரும் ஒரே நகரில், அடுத்தடுத்த தொகுதிகளில் நின்றார்கள்.

புரூஸ் ஃபான்ஜாயின் பிரசாரம்

மனோட்டிக்கில் வாழும் ஃபான்ஜாய் வணிகத்துறையில் பணியாற்றியவர். எரிசக்தியை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வகையில் தம் வீட்டைக் கட்டியவர் என்பதால் அப்பகுதியில் ஓரளவு அறிமுகமானவர். தேர்தல் எப்போது வரும் என்றே தெரியாத காலத்தில், லிபரல் கட்சிக்கு நாட்டில் எங்குமே நம்பிக்கை இல்லாத நாள்களில், அவர் களத்தில் இறங்கினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்.

தேசியத் தலைவர் நாடு முழுவதும் சுற்ற வேண்டியவர். சொந்தத் தொகுதியில் அவர் செலவிடும் நாள்கள் குறைவு. அந்த வெற்றிடத்தை ஃபான்ஜாய் தம் கால்நடையால் நிரப்பினார். தொகுதிக்கென்று ஒரு முழுநேரப் பிரதிநிதி வேண்டும் என்பது அவர் பிரசாரத்தின் அடிப்படை. 2022இன் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்களின் போராட்டம் ஒட்டாவா நகர மையத்தை வாரக்கணக்கில் முடக்கியதையும், அந்தப் போராட்டக்காரர்களுக்குப் பொலியேவ் ஆதரவு காட்டியதையும் அவர் மக்களுக்கு நினைவூட்டினார். மற்ற ஊர்களில் அது தொலைக்காட்சிச் செய்தி. ஒட்டாவா மக்களுக்கோ அது ஒலிப்பான் சத்தத்தில் தூங்காத இரவுகளும், கடை திறக்க முடியாத நாள்களும்.

மூன்றாவது பிரச்சினை அரசுப் பணி. மத்திய அரசின் பணியாளர் எண்ணிக்கையைக் குறைப்பதாகப் பொலியேவ் கூறிவந்தார். ஓய்வு பெறுவோர், விலகுவோர் இடங்கள் அனைத்தையும் நிரப்பாமல் விடுவது அவர் சொன்ன வழி. செலவுக் கட்டுப்பாடு என்ற வகையில் பல மாகாணங்களில் இது வரவேற்புப் பெறும் பேச்சு. ஆனால் அவரது சொந்தத் தொகுதியில் அது பலரின் வேலையையும் அவர்கள் பிள்ளைகளின் வேலைவாய்ப்பையும் பற்றிய பேச்சாக இருந்தது.

ஒரு மீட்டர் வாக்குச்சீட்டு

கார்ல்டனின் 91 வேட்பாளர்களில் பெரும்பாலோர் சுயேச்சைகள். அவர்கள் வெற்றிக்காக நிற்கவில்லை. ‘மிக நீண்ட வாக்குச்சீட்டுக் குழு’ என்ற பெயரில் இயங்கிய எதிர்ப்பியக்கம் அவர்களைத் திரட்டியது. அதிக வாக்குப் பெறும் ஒருவரே வெல்லும் இன்றைய முறை மக்களின் வாக்கு விகிதத்தைச் சரியாகக் காட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். தேர்தல் விதிகளைத் தேர்தலில் ஆதாயம் பெறும் அரசியல்வாதிகளே எழுதக்கூடாது. அதைச் சார்பற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இத்தகைய எதிர்ப்புக்கு வழி திறந்தது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. முன்பு வேட்பாளர் ஒவ்வொருவரும் 1,000 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டியிருந்தது. 2017இல் ஆல்பர்ட்டா நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 100 வாக்காளர்களின் கையொப்பம் இருந்தால் போதும் என்றானது. ஒரே வாக்காளர் பல வேட்பாளர்களுக்குக் கையொப்பமிடலாம் என்பதால், நூறு பேர் கொண்ட ஒரு குழு எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. 2024இல் டொராண்டோ–செயின்ட் பால்ஸ் இடைத்தேர்தலில் 84 பேரும், மான்ட்ரியலின் லசால்–எமார்டு–வெர்டன் இடைத்தேர்தலில் 91 பேரும் இப்படித்தான் நின்றார்கள்.

கார்ல்டனில் வேட்பாளர் பெயர்கள் இரண்டு பத்திகளாக, குடும்பப் பெயரின் அகரவரிசையில் அச்சிடப்பட்டன. கனடாவில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குகள் கையால் எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு சீட்டையும் விரித்து, குறி எங்கே இருக்கிறது என்று தேடி, மீண்டும் மடிக்க வேண்டும். இதனால் முன்கூட்டி அளிக்கப்பட்ட வாக்குகளை, வாக்குப்பதிவு முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே எண்ணத் தொடங்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்தது. இறுதியில் அந்தச் சுயேச்சைகளில் மிகப் பலர் ஒற்றை அல்லது இரட்டை இலக்க வாக்குகளே பெற்றனர். முதல் இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்ததால், நீண்ட சீட்டு முடிவை மாற்றியது என்று சொல்ல இடமில்லை.

வாக்குப்பதிவும் முடிவும்

புனித வெள்ளி தொடங்கி ஈஸ்டர் திங்கள் வரை, ஏப்ரல் 18 முதல் 21 வரை, முன்கூட்டிய வாக்குப்பதிவு நடந்தது. நாடு முழுவதும் 73 லட்சம் பேர் அந்த நான்கு நாள்களில் வாக்களித்தனர். இது அதுவரை இல்லாத எண்ணிக்கை. கார்ல்டனில் மட்டும் 43,000 பேருக்கு மேல் வாக்களித்தனர். நாட்டின் உயர்ந்த எண்ணிக்கைகளில் இதுவும் ஒன்று. பிரசாரத்தின் கடைசி மாலைக் கூட்டத்தைப் பொலியேவ் தம் தொகுதியிலேயே நடத்தினார்.

ஏப்ரல் 28 இரவு லிபரல் கட்சி மீண்டும் ஆட்சி அமைக்கும் என்பது தெரிந்தது. நள்ளிரவுக்குப் பின் பொலியேவ் மேடையேறி நாட்டின் முடிவை ஏற்றுக்கொண்டார். அவரது சொந்தத் தொகுதியின் முடிவு அப்போதும் வந்திருக்கவில்லை. சீட்டுகள் இன்னும் விரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. விடியும் வேளையில்தான் ஃபான்ஜாய் வென்ற செய்தி உறுதியானது.

ஃபான்ஜாய் ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளையும், பொலியேவ் 46 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் பெற்றனர். வித்தியாசம் 4,000 வாக்குகளுக்கு மேல். புதிய சனநாயகக் கட்சி 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது.

தோல்விக்கான காரணங்கள்

எண்களைக் கவனமாகப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். 2021இல் பொலியேவ் பெற்றது 35,000க்குச் சற்று மேற்பட்ட வாக்குகள். 2025இல் அவர் பெற்றது 39,000க்கும் மேல். இடையில் தொகுதியின் எல்லை மாறியது. வாக்களித்தோர் எண்ணிக்கையும் கூடியது. ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் அவருடைய ஆதரவாளர்கள் கூட்டமாக அவரைக் கைவிட்டார்கள் என்று கூறுவது சரியாகாது. அவருக்கு எதிரானவர்கள் ஒரே இடத்தில் ஒன்றுகூடினார்கள் என்பதே பொருத்தம்.

2021இல் லிபரல் அல்லாத இடதுசாரி வாக்குகள் பிரிந்து கிடந்தன. அப்போது புதிய சனநாயகக் கட்சி மட்டும் இங்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் பெற்றிருந்தது. 2025இல் அந்த வாக்கில் பெரும்பகுதி ஃபான்ஜாய் பக்கம் சேர்ந்தது. ஒருவரே வெல்லும் முறையில் எதிர்வாக்கு பிரிந்தால் 46 விழுக்காடு பெரிய வெற்றி. எதிர்வாக்கு சேர்ந்தால் அதே 46 விழுக்காடு தோல்வி. 2019இல் பொலியேவ் வென்றதும் ஏறத்தாழ 46 விழுக்காட்டில்தான்.

கார்ல்டன் பொதுவாக இடதுபக்கம் திரும்பிவிட்டது என்றும் முடிவுகட்ட முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன், 2025 பிப்ரவரி 27 அன்று நடந்த ஒன்டாரியோ மாகாணத் தேர்தலில், கார்ல்டன் மாகாணத் தொகுதி முற்போக்குக் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜார்ஜ் டரூஸையே தேர்ந்தெடுத்தது. மாகாணத் தொகுதியின் எல்லை சற்று வேறானது. இருந்தாலும் பெரும்பாலும் அதே ஊர்கள்தாம். கட்சி வேறு, தலைவர் வேறு, உள்ளூர் உறுப்பினர் வேறு என்று வாக்காளர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தோல்விக்குப் பின்

இந்தத் தோல்வியின் முரண் நாட்டு அளவிலான முடிவில் இருக்கிறது. கன்சர்வேட்டிவ் கட்சி 41 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று 144 இடங்களில் வென்றது. 2021இல் அதற்கு 119 இடங்களே கிடைத்தன. லிபரல் கட்சி 169 இடங்களுடன் சிறுபான்மை அரசு அமைத்தது. கட்சியை வளர்த்த தலைவருக்கே அவையில் இருக்கை இல்லாமல் போனது. புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜக்மீத் சிங்கும் தம் பர்னபி தொகுதியில் தோற்றுத் தலைமையிலிருந்து விலகினார்.

பொலியேவ் விலகவில்லை. முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஷியர் அவையில் தற்காலிக எதிர்க்கட்சித் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆல்பர்ட்டாவின் பேட்டில் ரிவர்–க்ரோஃபுட் தொகுதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றிருந்த டேமியன் குரெக், தலைவருக்காகத் தம் பதவியை விட்டுக்கொடுத்தார். இடைத்தேர்தலைத் தாமதிக்காமல் அறிவிப்பதாகப் பிரதமர் கார்னி கூறியிருந்தார், அவ்வாறே அறிவித்தார்.

2025 ஆகஸ்டு 18 அன்று நடந்த அந்த இடைத்தேர்தலில் 214 பேர் போட்டியிட்டனர். இம்முறை தேர்தல் ஆணையம் நீண்ட சீட்டை அச்சிடவில்லை. வெற்றுச் சீட்டைக் கொடுத்து, விரும்பும் வேட்பாளரின் பெயரை வாக்காளரே எழுதச் செய்தது. எழுத்துப்பிழை இருந்தாலும் யாரைக் குறிக்கிறது என்பது தெளிவாக இருந்தால் வாக்கு செல்லும் என்று அறிவித்தது. பொலியேவ் ஏறத்தாழ 80 விழுக்காடு வாக்குகளுடன் வென்று, செப்டம்பரில் மக்களவைக்குத் திரும்பினார்.

மதிப்பீடு

கட்சித் தலைவர் தம் தொகுதியில் தோற்பது கனடாவுக்குப் புதிதன்று. வில்லியம் லயன் மெக்கன்சி கிங் பிரதமராக இருந்தபோதே 1925இலும் 1945இலும் தோற்றார். இரு முறையும் வேறு தொகுதி வழியாக அவைக்குத் திரும்பினார். ஆர்தர் மெயன் 1921இலும், கிம் காம்பல் 1993இலும் பிரதமர் பதவியில் இருந்தபடியே தம் இருக்கைகளை இழந்தனர். தலைவருக்காக ஓர் உறுப்பினர் விலகிக்கொள்வது பழைய நடைமுறை, சட்டப்படி தவறில்லை. ஆனால் தங்களுக்கென ஒருவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்கள், அவர் நான்கு மாதத்துக்குள் விலகியதால் மறுபடி வாக்களிக்க வேண்டியிருந்தது. அது சரியா என்ற கேள்வி ஆல்பர்ட்டா இடைத்தேர்தலிலும் எழுந்தது.

1905இலும் 1948இலும் வேறிடத்தில் தோற்ற தலைவர்களுக்குக் கார்ல்டன் இடம் கொடுத்தது. 2025இல் அதே பெயர்கொண்ட தொகுதி ஒரு தலைவரை வெளியே அனுப்பியது. அவருக்கு இடம் கொடுத்தது மூவாயிரம் கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ள ஒரு புல்வெளித் தொகுதி. இரண்டு ஆண்டுகள் ஒருவர் விடாமல் கதவைத் தட்டியதும், எதிர்வாக்குகள் ஒன்று சேர்ந்ததும், தலைநகரின் அரசு ஊழியர் குடும்பங்களின் கவலையும் சேர்ந்து அந்த முடிவைத் தந்தன. 1963இல் லிபரல் வென்ற கார்ல்டன் 1965இல் மாறி வாக்களித்தது என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். ஃபான்ஜாய் அந்த இருக்கையைத் தக்கவைப்பாரா என்பதை அடுத்த பொதுத் தேர்தலில் இதே புறநகர்த் தெருக்களும் கிராமச் சாலைகளும் முடிவு செய்யும்.